காலி ஃபோல்டரை மட்டும் நீக்குங்கள்: இன்ஸ்டாலர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

இன்ஸ்டாலர் எழுதும் நண்பர்களே,

இன்ஸ்டாலர் உருவாக்கும் கருவியான என்எஸ்ஐஎஸின் ஸ்கிரிப்டில் அன்இன்ஸ்டால் பகுதியின் கடைசியில் 'ஆர்எம்டிர் ஸ்லாஷ் ஆர்' (ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கும் கட்டளை) என்று போட்டு, இன்ஸ்டால் ஃபோல்டரைக் காட்டிவிட்டு எழுந்து போகிறீர்களே, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். எங்கே நிறுவலாம் என்று பயனரைக் கேட்பது நீங்கள்தான். அவர் டி டிரைவையே காட்டிவிட்டால்? குடும்பப் படங்கள் கிடக்கிற ஃபோல்டரைக் காட்டிவிட்டால்?

நடக்காது என்று சொல்லாதீர்கள். 1998-இல் வந்த மித் 2 விளையாட்டின் அன்இன்ஸ்டாலர், தான் இருந்த ஃபோல்டரை அப்படியே அழித்தது. தனி ஃபோல்டர் இல்லாமல் டிரைவிலேயே நேராக நிறுவியிருந்தால் மொத்த டிரைவும் போச்சு. 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை மென்பொருளின் ஸ்கிரிப்டில் பாதை வைத்திருந்த மாறி காலியாகிப் போனதால், பயனரின் ஃபைல்கள் எல்லாம் அழிந்தன.

இத்தனைக்கும் அந்த 'ஸ்லாஷ் ஆர்' இல்லாத வெறும் ஆர்எம்டிர் காலி ஃபோல்டரை மட்டுமே நீக்கும், உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தாலும் விண்டோஸே 145 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். சிலர் காலியா என்று தாங்களே லூப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் 'ஸ்லாஷ் ஆர்' கொடுக்கிறார்கள். ஏன் இந்த வேலை? பார்த்ததற்கும் அழிப்பதற்கும் நடுவில் ஒரு ஃபைல் வந்து விழலாம். சோதனையை விண்டோஸிடமே விடுங்கள்.

நீங்கள் வைத்த ஃபைல்களைப் பெயர் சொல்லி அழியுங்கள், உங்கள் நிரல் உருவாக்கும் லாக் (பதிவு) ஃபைலையும் சேர்த்து. பிறகு ஆழத்தில் இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேலே வாருங்கள். கம்பெனி பெயரில் இருக்கும் மேல் ஃபோல்டருக்கும் வெறும் ஆர்எம்டிர்தான், அங்கே உங்களுடைய இன்னொரு மென்பொருள் குடியிருக்கலாம். காலியான ஃபோல்டரும் போக மறுத்தால், நடப்பு ஃபோல்டரைக் குறிக்கும் செட்அவுட்பாத் இன்னும் அதற்குள்ளேயே நிற்கிறதா என்று பாருங்கள்; தற்காலிக ஃபோல்டரான டெம்ப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். இன்னோ செட்டப் என்ற இன்னொரு இன்ஸ்டாலர் கருவி வைத்திருப்பவர்களுக்கு, காலியாக இருந்தால் மட்டும் நீக்கும் 'டிர்இஃப்எம்ப்டி' இருக்கிறது.

ஒரு ஃபோல்டர் மிஞ்சினால் அசிங்கமாம்! டெபியன் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவி நீக்கும் டிபிகேஜி, ஃபோல்டர் காலியாக இல்லை, நீக்கவில்லை என்று எச்சரித்துவிட்டு அதை அப்படியே விட்டுப் போகிறது, யாரும் அழவில்லை.

இன்னொன்று. புதிய வெர்ஷனில் வரியைத் திருத்தினால் மட்டும் போதாது, ஏனென்றால் பழைய அன்இன்ஸ்டாலர் பயனர்களின் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அப்கிரேடு செய்யும்போது பலரும் அதைத்தான் சத்தமில்லாமல் ஓட்டுகிறீர்கள். அடுத்த வெளியீட்டில் அதை ஓட்டாமல், அதன் மேலேயே புதியதை எழுதிவிடுங்கள்.