ஐம்பது தாள்

யாங்கூன், மியான்மர்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொண்டது.

மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. இந்த மாதப் பணம் வரவில்லை என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கையில் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. சிங்கப்பூரில் அப்படி ஒரு வேலை எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

இங்கே வந்து இட்லி மாவுப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்கிற உன் யோசனைக்கு வருகிறேன். நீ காசு கொடுத்து வாங்கிய அறிக்கையை மேல்வீட்டு மாமி மகன் படித்துச் சொன்னான். இத்தனை வீடு, அதில் இத்தனை சதவீதம் என்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதல் எண்ணே எங்கிருந்து வந்தது? 1983க்கு அப்புறம் 2014 வரை இந்த நாட்டில் தலையெண்ணவே இல்லை. 6 கோடி, 6 கோடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் 5.15 கோடிக்கு மேல் தேறவில்லை. 2024இல் 5.13 கோடி என்றார்கள். அதிலும் சுமார் 1.9 கோடிப் பேர் நேரில் எண்ணாமல் கணித்துப் போட்டது.

மாவுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் வேண்டும். நேற்று ராத்திரி 1 மணிக்குக் கரண்ட் வந்ததும் எழுந்து கிரைண்டரைப் போட்டேன். விடிந்து பார்த்தால் மாவு பொங்கி, தூக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் கிடக்கிறது. இது உன் அறிக்கையில் எந்தப் பக்கம்?

கணக்கில் நூறு வாங்கினவன் நீ, கேள்வி கேட்கத் தெரியவில்லையே. 'வாங்குவீர்களா?' என்று முகத்துக்கு நேரே கேட்டால் இந்த ஊரில் யார் மாட்டேன் என்பார்கள்? பர்மாக்காரர்கள் 'ஆனாடே' என்பார்களே, அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்கிற அந்தத் தயக்கம். போன வாரம் எத்தனை தடவை அரைத்தீர்கள், கடைத் தோசைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காளி கோயில் பக்கம் பத்துப் பாக்கெட் வைத்து விற்றுப் பார்க்க வேண்டும். காசை எடுத்து நீட்டுகிறவன் சொல்வதுதான் பதில்.

சரி, எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிய ஐம்பது கேள்வித் தாளில் பதினேழுக்குத்தான் வீடு வீடாகப் போனேன். கால் வீங்கிவிட்டது. மீதி முப்பத்து மூன்றையும் சாமி அறையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன், பேனாவை மாற்றி மாற்றி. அப்பாவின் பச்சைப் பேனாவைக்கூட விடவில்லை. எல்லாவற்றிலும் 'வாங்குவேன்'. அந்தப் பதினேழு பேரில் முன்பணம் கொடுத்தது மாமி ஒருத்திதான், அதுவும் என் முகத்துக்காக.

பதில் நன்றாக இருந்தால் நீ வந்துவிடுவாய் என்றுதான் செய்தேன். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்ததிலிருந்து 35 வயதுக்குள் ஆண் பிள்ளை இருக்கிற வீடுகளில் ராத்திரித் தூக்கம் இல்லை. அது தெரிந்தும் செய்தேன்.

அந்தத் தாள்களைக் கிழித்துப் போடு. அவற்றை நம்பி ஆபீசில் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால், திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா