என் நாக்கைக் காவல் காத்தவர்களுக்கு

பேச்சு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அதனால் எழுதியே நன்றி சொல்கிறேன்.

நாக்கில் வந்த புற்று, கழுத்து நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. நான்காம் நிலை. பாதி நாக்கோடு கழுத்து நெறிகளையும் எடுக்க வேண்டும் என்பதை ஒளிவுமறைவில்லாமல், தாளில் படம் போட்டு விளக்கிய டாக்டருக்கு முதல் வணக்கம். அவர் எடுத்த இடத்தை நிரப்பியவர் பிளாஸ்டிக் சர்ஜன். முன்கைத் தோலை அதன் தமனி, சிரையோடு எடுத்து வாய்க்குள் வைத்து, அந்தக் குழாய்களைக் கழுத்து ரத்தக்குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வழியே தைத்தார். குழாய்க்குச் சில மில்லிமீட்டர்தான் அகலம். தையல் நூலோ தலைமுடியைவிட மெல்லியது. நாள் முழுக்க நின்று தைத்த கைகள் அவை.

ஆனால் தைத்ததோடு வேலை முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். ஐசியூ சிஸ்டர்கள் மணிக்கொரு முறை டார்ச் அடித்துப் புது நாக்கின் நிறம் பார்த்தார்கள், தொட்டுச் சூடு பார்த்தார்கள், டாப்ளர் என்ற ஒலிக்கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார்கள். வெளுத்தால் தமனியில் தடை, நீலம் பாரித்தால் சிரையில். எனக்கு நடுராத்திரியில் நீலம் பாரித்தது. விடியட்டும் என்று இருக்காமல் அந்த சிஸ்டர் உடனே சர்ஜனை எழுப்பினார். மறுபடி தியேட்டர், சிரையில் இருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள், நாக்கு பிழைத்தது. விடியும் வரை விட்டிருந்தால் அது கருகியிருக்கும். சிஸ்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா. தண்ணீர்தான் லேசு என்று நினைப்போம். விழுங்கக் கற்பவனுக்கு அதுதான் ஆபத்து, சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியான திரவத்தில் தொடங்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்கப் பழக்கினார். உணவு செலுத்திய மூக்குக்குழாயை எடுத்த அன்று என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். 'ற', 'ழ' இன்னும் சரியாக வரவில்லை, விடமாட்டேன் என்கிறார்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ரேடியேஷன் நாட்களில் துணைக்கு வந்த தம்பிக்கும் நன்றி. மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைத்த குழாயில் சளி உறிஞ்சக் கற்றுக்கொண்டு, முகம் சுளிக்காமல் செய்த அக்காவுக்கு எத்தனை சொன்னாலும் தீராது. போனில் நான் தடுமாறும்போது வாக்கியத்தை எடுத்துக்கொடுக்காமல், முடிக்கும் வரை காத்திருக்கும் நண்பர்களே, அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது. தொடர்ந்து கூப்பிடுங்கள்.