இறாலும் புகையானும் கொலஸ்டிராலை ஆக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உடல்நலப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையில், எல்லா விலங்குகளும் கொலஸ்டிராலைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன என்றும், இறால் அதைச் சற்று மிகுதியாக ஆக்குகிறது என்றும் பொருள்பட ஒரு வரி இருந்தது. இறாலை அளவோடு உண்ணச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் அந்த வரி பிழையானது. இறாலோ நண்டோ பூச்சியோ கொலஸ்டிராலை முதலிலிருந்து ஆக்க வல்லதன்று. கூனி இறாலை இடித்துச் செய்யும் ஙாப்பி என்னும் பர்மிய விழுதில் உள்ள கொலஸ்டிரால் அந்த இறால் தின்ற இரையின் வழியாக வந்தது. இறால் பண்ணைத் தீவனத்தில் கொலஸ்டிராலைத் தனியே கலப்பதும் இதனால்தான்.

ஈயின் புழுவுக்குக் கொலஸ்டிரால் உணவிலேயே கிடைத்தாக வேண்டும் என்பதை ஹாப்சன் என்ற ஆய்வாளர் 1935ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். நம் கல்லீரல் அசிட்டேட் என்னும் சிறு துண்டுகளைக் கோத்து மெவலோனேட், ஃபார்னெசில் பைரோபாஸ்பேட், ஸ்குவாலீன், லானோஸ்டெரால் எனப் படிப்படியாகக் கொலஸ்டிராலை எட்டுகிறது. பூச்சியின் உடல் இவ்வழியில் ஃபார்னெசில் வரை வந்து நின்றுவிடுகிறது. 2000ஆம் ஆண்டு பழ ஈயின் மரபணுத் தொகுதி வெளியானபின் தேடிப் பார்த்தபோது, ஸ்குவாலீனைச் செய்யும் நொதிக்கும் அதை மடித்து வளையமாக்கும் நொதிக்கும் உரிய மரபணுக்கள் அதில் இல்லை. இவ்வழியின் முன்பாதி அழியாமல் இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு: புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் ஃபார்னெசிலிலிருந்தே உண்டாகிறது. இரையிலேயே ஸ்டெரால் (கொலஸ்டிராலும் அதன் இனப் பொருள்களும்) கிடைத்துவந்ததால் பின்பாதி மரபணுக்கள் பயனின்றிச் சிதைந்து மறைந்தன. வேறு வேலையும் பார்த்த முன்பாதி தங்கிவிட்டது. இறாலிடமும் இக்குறை இருப்பதால், பூச்சிகள் தோன்றுமுன்பே இந்த இழப்பு நேர்ந்துவிட்டது எனக் கருத இடமுண்டு.

பர்மாவின் பெகுவுக்கு அருகே தந்தையார் காலத்திலிருந்து நெல் பயிரிட்டுவரும் எனக்கு இது வயலில் கண்ட செய்தியும் ஆகும். சென்ற மழைக்காலப் பயிரில், திட்டுத் திட்டாகக் காய்ந்த இடத்தில் தூரை விலக்கிப் பார்த்தேன். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைச் சுற்றி, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான புகையான் மொய்த்திருந்தது; கீழே தேங்கிய நீரில் உமியைவிடச் சிறிய வெள்ளைச் சட்டைகள், அதாவது அது உரித்துவிட்ட தோல்கள், மிதந்தன. புகையான் குஞ்சு ஐந்து முறை சட்டை உரித்த பின்பே முழுப் பூச்சியாகும். சட்டை உரிக்கச் செய்யும் எக்டைசோன் என்னும் ஹார்மோன் ஸ்டெராலிலிருந்தே உண்டாகிறது. 1954இல் புட்டெனாண்ட், கார்ல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் அளவே இதைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு சிறு அளவும் கிடைக்காவிட்டால் குஞ்சு பழைய தோலுக்குள்ளேயே மாண்டுவிடும்.

புகையான் உறிஞ்சும் நெற்சாற்றிலோ ஸ்டெரால் மிகக் குறைவு. அதன் கொழுப்புத் திசுவில் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. தாயின் முட்டை வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. பூச்சியையும் பூஞ்சையையும் சேர்த்து 2014இல் மரபணு ஆய்வு செய்தபோது, ஸ்டெரால் ஆக்கும் மரபணுக்கள் பூஞ்சையிடம் இருப்பது தெரிந்தது. அது ஆக்கித் தருவதைப் புகையான் கொலஸ்டிராலாக மாற்றிக்கொள்கிறது. குஞ்சுகளை 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நாள் வைத்தால் பூஞ்சை குறைந்து வளர்ச்சி தடைப்படுகிறது. நம் வயலை எரித்தது போலாக்கும் ஒரு பூச்சி, தன் தோலை உரிக்க இன்னோர் உயிரை நம்பியிருக்கிறது என்பதை அறிந்தபோது நான் நெடுநேரம் வியப்பில் இருந்தேன்.

மற்றப் பூச்சிகள் வேறு வழிகளைக் கண்டுள்ளன. பட்டுப்புழு முசுக்கொட்டை இலையில் உள்ள சிட்டோஸ்டெரால் என்னும் செடி ஸ்டெராலின் பக்கக் கிளையை வெட்டி நீக்கிக் கொலஸ்டிராலாக்குகிறது. தேனீக்கு அந்த வெட்டும் திறன் இல்லை. ஆகவே மகரந்தத்தின் ஸ்டெராலைக் கிளையோடே பயன்படுத்தி, எக்டைசோனுக்குப் பதிலாக மக்கிஸ்டெரோன் என்னும் அதையொத்த ஹார்மோனை ஆக்குகிறது. இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சொனோரா பாலைவனத்தின் பழ ஈ ஒன்று. எக்டைசோன் பாதையின் முதல் படியைச் செய்யும் நெவர்லேண்ட் என்ற மரபணுவில் நேர்ந்த சில மாற்றங்களால் அந்த ஈ கொலஸ்டிராலைப் பயன்படுத்த இயலாமல் போய், செனிட்டா என்னும் ஒரே கள்ளியில் உள்ள லாத்தோஸ்டெரால் என்னும் வேறொரு ஸ்டெராலை நம்பியே வாழ்கிறது என 2012இல் கண்டறிந்தார்கள்.

கோயில் பள்ளியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தங்கள் இதழை உரக்கப் படித்துத் தமிழ் பழகுகிறார்கள். அந்தக் கட்டுரையையும் அவ்வாறே படித்தார்கள். எனவே அடுத்த இதழிலேயே திருத்தம் ஒன்றை, இறாலைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், புகையானையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பிள்ளைகள் தத்தம் வீட்டு வயலில் மிதக்கும் வெள்ளைச் சட்டைகளை எடுத்துவந்து, அத்திருத்தத்தை அருகில் வைத்துப் படிக்கலாம்.

இங்ஙனம்,
பெகு வட்டார வாசகர் ஒருவர்