அன்னதான மடத்து நீராவிச் சமையற்கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

கூரை, தரை ஓடு, வடிகால், கழுவுதொட்டி எல்லாம் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மணிக்கு 75 கிலோ நீராவி தரும் கொதிகலனுக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டு, மேலும் பணம் கொட்டி 150 கிலோ கொதிகலன் வாங்கியது ஏன்? தேரடியில் பேசுவதை இங்கேயே பேசிவிடுவோம்.

கேள்விப்பத்திரத்தில் நாங்கள் கேட்டது, 500 லீற்றர் உலைநீரைக் கொதிக்கவைக்கும் ஏற்பாடு. ஒப்பந்தகாரர் கணக்குப் போட்டார். நமது தொட்டித் தண்ணீர் 28 பாகை; கொதிக்க இன்னும் 72 பாகை ஏற வேண்டும். 500ஐ 72ஆல் பெருக்கினால் 36,000 கிலோகலோரி. கிடாரத்தின் இரட்டைச் சுவருக்குள் வரும் 120 பாகை நீராவி, ஒரு கிலோ தண்ணீராக மாறும்போது 526 கிலோகலோரியை விட்டுக்கொடுக்கும். வகுத்தால் 68 கிலோ. மணிக்கு 75 கிலோ தாராளம் என்றார். கிடாரமும் சூடேற வேண்டாமா என்று கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். 120 கிலோ எவர்சில்வருக்கு இரண்டு கிலோ நீராவி போதும். வில்லங்கம் அங்கே இல்லை.

கொதிகலன் தகட்டில் பொறித்த 75 என்பது, 100 பாகை வெந்நீரை உள்ளே விட்டால் கிடைக்கும் அளவு. நமது பச்சைத்தண்ணீருக்கு 65தான். (கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீரைக் கொண்டுவரலாமே என்றவருக்கு: குளிக்கச் சுகமான அந்தச் சூடு கொதிகலனுக்கு ஒரு சூடே அல்ல.) போதாததற்கு, 40 அடிக் குழாய் காப்புறையின்றி வெறும் இரும்பாகக் கிடந்தது. நீராவி வழியிலேயே தண்ணீராகி, குழாய் படபடவென்று இடித்தது. வெள்ளோட்டத்தன்று உலை கொதிக்க ஒன்றேகால் மணி நேரம். பந்தியில் இலை போட்டுக் காத்திருந்தவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை.

நீராவியை நேரே உலைக்குள் விட்டால் சரியாகும் என்றார் ஒப்பந்தகாரர். சூட்டுக் கணக்கு ஏறக்குறைய அதேதான். மிஞ்சுவது 67 லீற்றர் அளவுக்குக் கூடும் தண்ணீரும், கொதிகலனில் போடும் மருந்தும். சுவாமிக்குப் படைக்கும் அமுதில் அது கலக்கச் சபை சம்மதிக்காது. இரண்டு மாதம் இழுபறி. கடிதங்கள் கோப்பில் உள்ளன, சில மரியாதையானவை.

வித்தியாசப் பணத்தை ஏன் கொடுத்தோம்? தண்ணீரின் அளவை எழுதிய நாங்கள், எத்தனை நிமிடத்தில் கொதிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது எங்கள் பிழை, முதலில் என்னுடையது. அரை மணி என்று எழுதியிருந்தால் அவரே 150 கிலோவைத்தான் குறித்திருப்பார். அது மணிக்கு 131 கிலோ தருகிறது; இப்போது 35 நிமிடத்தில் உலை கொதிக்கிறது. குழாய்க் காப்புறைச் செலவை மட்டும் அவர் தலையில் கட்டினோம்.

கிடாரங்கள் நிலாவெளி அரிசி ஆலைக் குடும்பத்தின் உபயம். கொதிகலன் கனடாவிலுள்ள மூன்று சகோதரிகளும், உப்புவெளிக் கடற்றொழிலாளர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் தந்தது. தரை ஓடு மூதூர் வர்த்தகர்கள். வடிகால் பெயர் சொல்லவேண்டாம் என்ற அம்மா. மற்றவர்களின் பெயர்கள் மண்டபப் பலகையில் உள்ளன. எழுத்துப்பிழை இருந்தால் சண்டைக்கு வராமல் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டுகளை மாலை மூன்று மணி முதல் மடத்து அலுவலகத்தில் பார்க்கலாம்.

செயலாளர்,
பரிபாலன சபை, திருகோணமலை