உன் மகளின் கால்பந்துக் கணக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்கு இப்போது தோள்பட்டையில் ஆரம்பித்திருக்கிறது. ஒரே வயதுக்காரர்கள்தானே!

மகளைக் கால்பந்து கிளப்பிலிருந்து நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. போன வருடம் அந்த விளையாட்டுக்காகக் கையை விட்டுப் போன காசையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுது. என் பையனுக்கு நான் அப்படி எழுதிப் பார்த்தேன். கிளப் கட்டணம்தான் கழுத்தை நெரிக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுதி முடித்தபோது அது மூன்றாம் இடத்தில் இருந்தது. முதலிடம் வெளியூர் டோர்னமென்ட்டுக்கு: பயணம், ரூம், சாப்பாடு, நான் போட்ட சம்பளமில்லாத லீவு. அடுத்தது ஷூவும் ஜெர்சியும். பிள்ளைகளின் கால் வளர்கிற வேகத்துக்கு எந்த ஷூ ஒரு சீசனைத் தாண்டுகிறது?

ஷூவுக்கு வழி கிடைத்தது. கிளப்பில் பழைய ஷூக்களுக்கு ஓர் அலமாரி வைத்தோம். முதல் மாதம் ஒருவரும் தொடவில்லை. 'தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி ஒட்டியிருந்தோம், அதுதான் தப்பு. எல்லார் முன்னாலும் தேவைப்படுபவராக நிற்க யாருக்கு மனசு வரும்? சீட்டைக் கிழித்துப் போட்டோம். சீசன் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் சின்னதாகிப்போன ஷூவைக் கொடுத்துவிட்டு, பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் 'மாற்று நாள்' என்று ஆக்கினோம். கோச்சின் மகனும் அதில்தான் எடுத்தான். அன்று சாயங்காலத்துக்குள் அலமாரியில் இருந்த ஷூவெல்லாம் கைமாறிவிட்டது.

டோர்னமென்ட் விஷயம்தான் லேசில் நகரவில்லை. பத்து வயதுப் பிள்ளை பந்தடிக்க எதற்கு இவ்வளவு தூரம், பக்கத்து கிளப்போடு ஆடினால் போதாதா என்று கூட்டத்தில் கேட்டேன். "அப்போ முன்னேற்றம் எப்படி வரும்?" என்று முறைத்தார்கள். நார்வேயைச் சொன்னேன். அங்கே சிறுவர் விளையாட்டுக்கு 1987 முதலே தனி விதிமுறைகள் உண்டு. 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அந்த நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது. விதியால்தான் தங்கம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிதானம் அவர்களைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

அரசாங்கம் வரியில் கழித்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருந்தாய். கனடாவில் 2007 முதல் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டணத்தை முதலில் நாம் கட்ட வேண்டும், சலுகை வரிக் கணக்கு போடும்போதுதான். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டுக்கு அதிலும் ஒன்றுமில்லை. 2015இல் அதைத் திருத்தினார்கள், 2017இல் சலுகையே போய்விட்டது. சீசன் தொடங்கும் நாளில் கையில் காசில்லாதவனுக்கு அடுத்த வருடச் சலுகையால் என்ன பிரயோஜனம்? அதைவிட மாதத் தவணை மேல். உன் கிளப்பில் கேட்டுப் பார். டோர்னமென்ட்டைச் சேர்க்காத சந்தா ஒன்று தனியாக வேண்டும் என்றும் கேள். தனியாகக் கேட்காதே, இன்னும் நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போ. உன்னைப் போலவே வாய் திறக்காமல் தவிப்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

சரி, மகளின் ஷூ அளவை அடுத்த கடிதத்தில் எழுது. வரும் மாற்று நாளில் ஒன்றைப் பிடித்து வைக்கிறேன். அவளுடைய பழைய ஷூவை மறக்காமல் அனுப்பிவிடு, இல்லாவிட்டால் கோச் என்னைச் சும்மா விடமாட்டார்.

அன்புடன்,
உன் பழைய கோல்கீப்பர்