பட்டா புத்தகம் மறுபடி தொங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வயதானவர்கள்தான், பிள்ளைகள் வெளியூரில். முன்பு தெருமுனை வீட்டு கேட்டில் பட்டா புத்தகம் தொங்கும். இரவு ரோந்து வரும் காவலர் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். காலையில் பால் வாங்கப் போகும்போது அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவோம். இப்போது புத்தகமும் இல்லை, முகம் தெரிந்த காவலரும் இல்லை. கேமரா இருக்கிறது, சரி. திருடு போன பிறகு பார்க்கத்தான் அது உதவுகிறது.

1993இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் பொதுமக்கள் தொண்டர்களாகக் காவலர்களுக்குத் துணை நிற்கும் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். 2020இல் சாத்தான்குளத்தில் காவலர்கள் அடித்ததில் தந்தையும் மகனும் இறந்த கொடுமைக்குப் பிறகு அரசு அதைத் தடை செய்தது. தடை நியாயமே. லத்தி தூக்குவதும் ஆளைப் பிடித்து விசாரிப்பதும் பொதுமக்கள் வேலை அல்ல. ஊருக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டைக் கவனிப்போம், ராத்திரி கதவு உடைபடும் சத்தம் கேட்டால் 100க்கு அழைப்போம். எங்களால் முடிந்தது அது.

காவல்துறை செய்ய வேண்டியது, எங்கள் பகுதிக்கு ஒரே காவலரை ஓராண்டாவது மாற்றாமல் வைப்பது. மாதம் ஒரு முறை அவர் வந்து பெரியவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். அப்புறம், அந்தப் பட்டா புத்தகத்தையும் திரும்ப மாட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை