பென்குயின் என்ற பெயர் முதலில் யாருடையது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில், ‘பென்குயின்’ என்பதற்கு வேல்ஸ் நாட்டு மொழியில் ‘வெள்ளைத் தலை’ என்று பொருள் என ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பென்குயினின் தலை பெரும்பாலும் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்கும் குழந்தைக்கு அந்த வரியில் விடை இல்லை.

அப்பெயர் முதலில் இன்றைய பென்குயின்களுக்கு உரியதே அன்று. வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்த, பறக்க இயலாத ‘கிரேட் ஆக்’ என்னும் பறவையைத்தான் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில், கறுத்த முதுகும் வெளுத்த வயிறுமாக நிமிர்ந்து நின்ற அப்பறவைக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் இடையே பளிச்சென்று ஒரு வெண்திட்டு இருந்தது. தென்கடல்களுக்குச் சென்ற கப்பல்காரர்கள், அதே சாயலில் அங்கு நின்ற பறவைகளுக்கும் தாங்கள் அறிந்த பெயரையே சூட்டிவிட்டார்கள். உண்மையில் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பிரெஞ்சு மொழியில் இன்றும் தென்கடல் பறவைக்கு ‘மான்ஷோ’ என்ற தனிப்பெயர் இருக்கிறது.

வெல்ஷ் விளக்கமும் முடிந்த முடிபு அன்று. ‘பென்’ என்றால் தலை, ‘க்வின்’ என்றால் வெள்ளை என்பது சரியே. ஆனால் அது அந்த வெண்திட்டைக் குறித்ததா, நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் இப்பறவைகள் குழுமிய தீவின் பெயர் பறவைக்கு ஆகிவந்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. கொழுத்தது என்று பொருள்படும் ‘பிங்குவிஸ்’ என்ற லத்தீன் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. 1583இல் ஜார்ஜ் பெக்கம் என்பவர், 12ஆம் நூற்றாண்டிலேயே மேடாக் என்ற வேல்ஸ் இளவரசர் அமெரிக்காவை அடைந்தார் என்ற கதைக்குச் சான்றாக இச்சொல்லை முன்வைத்து, அந்நிலத்தின் மீது இங்கிலாந்துக்கு உரிமை உண்டு என்று வாதிட்டார். அரசியல் வழக்குக்குத் துணைநின்ற ஒரு விளக்கத்தைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

இறைச்சிக்கும் இறகுக்கும் எண்ணெய்க்குமாக வேட்டையாடப்பட்ட கிரேட் ஆக், ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடுவது; அந்த அழிவை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. 1844ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஐஸ்லாந்தை அடுத்த எல்டே என்ற பாறைத்தீவில், அடைகாத்துக்கொண்டிருந்த கடைசி இணையைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். முட்டையும் உடைந்தது.

சிறுவர் பகுதியில் இப்பறவையின் படத்தை வெளியிட்டு, பெயர் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதையும் விளக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.